ரெண்டு ஆள் வண்டி

குழந்தைவேலு தன்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் பயத்தில் வந்த சொல்.

1943, வைகாசி மாதம். மலாயாவில், திகாம் பத்துவிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு நின்ற ஆண்கள் எல்லோரும் பெயரும் தொழிலும் சொல்ல வேண்டும் என்று ஜப்பான் துரை உத்தரவு போட்டார். எழுதியவர் தோட்டத்துக் கணக்கர்களுக்குத் தலைவரான பெரிய கிராணி அழகேசன். வரிசையில் முன்னால் நின்ற, ரப்பர் மரம் சீவுகிறவர்கள் "பால்வெட்டு", "பால்வெட்டு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். பட்டியல் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி முதல் தடவை ஏற்றிப்போன இருபத்திரண்டு பேரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

குழந்தைவேலுவின் முறை வந்தபோது நாக்கு தானாகப் புரண்டது.

"மெக்கானிக்குங்க."

கிராணியின் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார்.

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. குழந்தைவேலு பிறந்தது அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலாம் லயத்தில். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. பதினான்கு வயதில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் உருட்டும் ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். அங்கே உருளைகளைச் சுழற்றும் பெரிய என்ஜினுக்கு ஒரு மலையாளி டிரைவர் இருந்தார். என்ஜினைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, காலையில் சக்கரத்தைச் சுழற்றிக் கொடுப்பது, இவைதான் குழந்தைவேலுவின் வேலை. ஸ்பேனரைத் தொட்டால் கையில் அடி விழும். பதினாறு வருஷம் துடைத்தார். துடைக்கிறவனுடைய கண் சும்மா இருக்குமா? எது எதைத் தள்ளுகிறது, எது எப்போது மூச்சு விடுகிறது என்று பார்த்துப் பார்த்து மனதில் எழுதிவைத்திருந்தார். ஆனால் பார்த்தவன் மெக்கானிக் ஆகிவிடுவானா என்பதுதான் கேள்வி.

பத்து நாள் கழித்துக் கேள்வி ஒரு கோணிப்பையில் கட்டி வந்தது.

பழைய வெள்ளைக்காரத் துரை செம்மண் தடங்களில் ஓட்டித் திரிந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அது. சண்டை வந்ததும் அவர் அதைப் பிரித்துப்போட்டு, என்ஜினை ஸ்டோருக்குப் பின்னால் இருந்த குட்டையில் வீசிவிட்டுத்தான் ஓடினார். ஜப்பான் துரை அதை வாரி எடுக்கச் சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் இது ஓடணுமாம்," என்றார் கிராணி. "ஓடுனா நீ மெக்கானிக்கு. ஓடலன்னா திங்கக்கெழம லாரியில உனக்கும் எடம் இருக்கு. நாப்பது பேரு கணக்கு."

"இன்னும் எத்தன நாளுங்கய்யா இருக்கு?"

"ஒம்போது. வாயி உன்னோடதுதானே? இப்பக் கையும் உன்னோடதான்னு பாப்போம்."

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுச் சின்னையா வந்து உட்கார்ந்தான். பால்வெட்டுக்காரன், கல்யாணமாகாதவன். திங்கட்கிழமைப் பட்டியலில் அவன் பெயர் பதினேழாவது.

"உனக்கு எதுக்குடா இந்த வேலை?"

"திங்கக்கெழம வரைக்கும் எனக்கு வேற வேலை இல்லலா அண்ணே. சும்மா படுத்துக் கெடந்தா சயாம்தான் கனவுல வருது."

இருவரும் எட்டு நாள் உழைத்தார்கள். துருவை மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். இறுகிப்போன பிஸ்டனை இரண்டு நாள் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து அசைத்தார்கள். தீப்பொறி தரும் மேக்னெட்டோவில் குட்டைத் தண்ணீர் ஏறியிருந்தது. அதை ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். என்ஜினின் அடிப்பெட்டி இரண்டு பாதியாகச் சேர்வது. இடையே இருந்த காகிதம் ஊறிக் கிழிந்திருந்தது. அதற்குக் குழந்தைவேலு கொஞ்சமும் கவலைப்படவில்லை. தோட்டத்தில் எது ஒழுகினாலும் மருந்து ரப்பர் பால்தான். கூரை ஒழுகினால் பால், வாளி ஒழுகினால் பால், சப்பாத்து வாய் பிளந்தால் பால். புதுப் பாலை விரலால் தொட்டு இரண்டு பாதியிலும் பூசி, காயவிட்டு, திருகாணிகளை முறுக்கினார். பார்க்க அழகாக இருந்தது.

உதைத்துக் கிளப்பும் கம்பி ஒடிந்து எங்கேயோ போய்விட்டது. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஜப்பான் துரை கொடுத்த ஒரு பாட்டில் பெட்ரோலில் பாதியை ஊற்றி, வெள்ளைக்காரத் துரை செய்வதைப் பார்த்த ஞாபகத்தில், எண்ணெய் கலந்தார். அவருக்குக் கிடைத்தது தேங்காய் எண்ணெய்.

சனிக்கிழமை காலை சின்னையா தள்ளினான். வண்டி மூன்று முறை இருமியது. நீலப் புகை வந்தது. லயத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். கிணறு வரைக்கும் தேங்காய் வாசனையோடு ஓடி, அங்கே நின்றது. நின்றது நின்றதுதான். மத்தியானம் வரை தள்ளினார்கள். பிள்ளைகள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"வண்டிக்கு உசுரு வந்து, நம்ம மொகத்தப் பாத்துட்டு வேணாம்னு போயிருச்சு," என்றான் சின்னையா, மூச்சு வாங்க.

குழந்தைவேலு சிரிக்கவில்லை. முதலில் நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்த்தார். பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் சாய்த்து, சின்னையாவைப் பிடிக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுற்றினார்.

"ஐயோ! அடிக்குதுண்ணே!"

"அப்ப நெருப்பு இருக்கு."

கார்பரேட்டரில் பெட்ரோல் சொட்டியது. பிளக் இருந்த துவாரத்தைக் கட்டை விரலால் மூடிச் சுற்றினால், காற்று விரலைத் தள்ளியது. எல்லாம் இருக்கிறது. ஆனால் பிளக்கின் மூக்கு மட்டும் அடுப்புச் சாம்பல் போலக் காய்ந்திருந்தது. பெட்ரோல் இந்தப் பக்கம் வருகிறது, அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. நடுவில் அது எங்கே போகிறது?

மனைவி புஷ்பவள்ளி மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்புடுங்க. பசிச்ச வயித்துக்கு எதுவும் வெளங்காது."

"நான் ஏன் அப்பிடிச் சொன்னேன் புஷ்பா? ஸ்டோர் வேலைன்னே சொல்லியிருந்தா, இந்த எட்டு நாளும் புள்ளைங்களோடயாவது இருந்திருப்பேன்."

"சொன்னது சொல்லியாச்சு. இப்ப அத நெசமாக்குங்க."

மறுநாள் காலையில் வெள்ளி முளைத்ததுமே வண்டியின் அருகில் போய் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர் என்ஜினை நினைத்துக்கொண்டார். அதில் பெட்ரோலும் காற்றும் மேலே போய் மேலேயே வெளியேறும். அடிப்பெட்டியில் வெறும் எண்ணெய்தான். இதில் குழாய் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் கீழே இறங்கி, அடிப்பெட்டிக்குள் போய், அங்கிருந்து மேலே ஏறியது. இந்த வண்டி வயிற்றால் மூச்சு விடுகிறது! வயிற்றில் ஓட்டை விழுந்தால் மூச்சு மேலே ஏறாது. ஆனால் ஓட்டை எப்படி விழும்? பால் பூசி அடைத்தாயிற்றே?

அடிப்பெட்டியின் மூட்டில் கை வைத்தார். எடுத்தபோது விரலோடு நூல் நூலாக ஒரு பசை இழுத்துக்கொண்டு வந்தது.

பின்னால் வந்து நின்ற சின்னையா முகர்ந்து பார்த்தான். "என்னாண்ணே, சொலுசன் வாசம் அடிக்குது? நான் சைக்கிள் டியூப்பு ஒட்ட, ஒட்டுப்பால பெட்ரோல்ல ஊறப்போடுவேனே, அதே வாசம்."

குழந்தைவேலு தலையில் அடித்துக்கொண்டார். ரப்பரைப் பெட்ரோல் கரைக்கும் என்பது தோட்டத்தில் சைக்கிள் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தே பூசியிருக்கிறார். பால் என்றால் எதையும் அடைக்கும் என்று கை நம்பியது, புத்தியிடம் கேட்கவில்லை.

"எட்டு நாளா நான் வண்டி கட்டலடா. சொலுசன் காய்ச்சியிருக்கேன்."

இனி எதையும் கையின் பேச்சைக் கேட்டுச் செய்வதில்லை என்று முடிவு செய்தார். ஒரு பால் டின்னில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, கிடைத்ததை எல்லாம் போட்டுப் பார்த்தார். தார் கரைந்தது. மெழுகு குழைந்தது. குங்கிலியம் பிசுபிசுத்தது. பார்த்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளி உள்ளே போய், துணியில் சுற்றிய ஒரு கட்டிச் சவுக்காரத்தை, குளிக்கிற சோப்பை, கொண்டுவந்தாள். சண்டைக்கு முந்தி வாங்கியது. மூத்த மகள் ஆளானால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்கு என்று ஒளித்துவைத்திருந்தாள்.

"அது பொண்ணுக்கு..."

"அப்பன் இல்லாம தண்ணி ஊத்தி என்னா பண்ண? போடுங்க."

ஓரத்தில் கிள்ளிப் போட்டார். ஒரு மணி நேரம் கழித்தும் அது கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது.

பிறகு கிராணி வீட்டுக்குப் போனார். "ஐயா, பழைய செக்ரோல் புஸ்தகத்து அட்டை ஒண்ணு வேணுங்க." தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பேர் எழுதும் புத்தகம் அது. கிராணி எதற்கு என்று கேட்கவில்லை. 1938ஆம் வருஷத்து அட்டையைக் கிழித்துக் கொடுத்தார்.

என்ஜினை மறுபடியும் பிரித்தார்கள். குழைந்த ரப்பரைக் கத்தியால் சுரண்டி, டாங்கியில் கிடந்த பெட்ரோலாலேயே கழுவினார்கள். அட்டையை அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசி, மூட்டில் வைத்து இறுக்கினார் குழந்தைவேலு. ஒரே பக்கமாக முறுக்காமல், எதிரெதிர் திருகாணியாக, மெதுவாக. மலையாளி டிரைவர் அப்படித்தான் செய்வார்.

ஐந்து மணிக்கு ஜப்பான் துரை வந்தார். கூடவே கிராணி, கையில் பட்டியலோடு.

சின்னையா தள்ளினான். ஒன்றும் இல்லை. திருப்பிக் கொண்டுவந்து தள்ளினான். ஒரு இருமல். குழந்தைவேலு குதித்து இறங்கிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஈரம்! வாழ்க்கையில் எந்த ஈரமும் அவரை இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை. துடைத்து மாட்டினார்.

"தள்ளுடா!"

மூன்றாம் தடவை என்ஜின் பிடித்துக்கொண்டது. லயத்தைச் சுற்றி, ஸ்டோரைச் சுற்றித் திரும்பி வந்து துரையின் முன்னால் நிறுத்தினார். துரை கையைக் காட்டி அணைக்கச் சொன்னார். மறுபடியும் கிளப்பச் சொன்னார்.  சின்னையா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள, அது மறுபடியும் பிடித்துக்கொண்டது.

துரை தலையாட்டினார். கிராணி பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். அதோடு முடிந்திருக்கும். வேர்வை ஒழுகக் குனிந்து நின்ற சின்னையாவைக் குழந்தைவேலு பார்த்தார். நாக்கு மறுபடியும் புரண்டது. இந்தத் தடவை தானாக அல்ல.

"கிராணி ஐயா, இவன் இல்லாம வண்டி கெளம்பாதுங்க. டூ-ஸ்ட்ரோக்கு. டூன்னா ரெண்டு. இது ரெண்டு ஆள் வண்டின்னு துரைகிட்ட சொல்லுங்க."

பேனா நின்றது. கிராணி குழந்தைவேலுவை ஒரு நிமிஷம் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் துரையிடம் திரும்பி, இரண்டு ஆள் என்பதை மலாய் மொழியில் சொன்னார்.

"துவான், டூ-ஸ்ட்ரோக். டூ, துவா. துவா ஓராங்."

துரை வண்டியைப் பார்த்தார். ஓட்டியவனையும் தள்ளியவனையும் பார்த்தார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"துவா."

பதினேழாவது பெயரும் அடிபட்டது.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில் லாரி நின்றது. நாற்பதுக்கு முப்பத்தெட்டுப் பேர்தான் ஏறினார்கள். மீதி இரண்டு பேரைப் போகிற வழியில் அடுத்த தோட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று லாரிக்காரன் கிராணியிடம் சொன்னது குழந்தைவேலுவின் காதில் விழுந்தது. அந்த இரண்டு பேருக்கு என்ன பேர் இருக்கும் என்று நினைத்தார். கேட்டால் யார் சொல்வார்கள்? கேட்டுத்தான் என்ன செய்துவிட முடியும்?

ஓரமாக வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, எண்ணெ வீணாப் போவுது. அணைச்சிரு," என்றான் சின்னையா, மெல்ல.

"வேணாம்டா."

"ஏன்?"

"அணைச்சா மறுபடி கெளம்புமோ கெளம்பாதோ. லாரியில இன்னும் எடம் இருக்கு."

லாரி நகர்ந்தது. பெண்களின் அழுகையில் என்ஜின் சத்தம் கேட்கவே இல்லை. தொடையில் அதிர்வது மட்டும் தெரிந்தது. செம்மண் தூசி வளைவைத் தாண்டி, மரங்களுக்குள் அடங்குகிற வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் அணைத்தார்.