ஏழாவது விலாசம்

மஞ்சள் ரப்பர் உறை போட்ட அந்தப் போன் இப்போது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதற்கு உயிர் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. புதிய போன்கள் வந்தபோது பழையதை ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் மறந்துவிட்டதுபோல இருந்துவிட்டேன். இன்றைக்கும் பேனை எடுக்க லாச்சியைத் திறந்தால் என் விரல்கள் அதில் படாமல் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. அது அடித்தால் எங்கேயோ யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல செய்தி சொல்ல அந்தப் போனுக்கு எவரும் எடுத்ததில்லை. அவசரகால முகாமைத்துவப் பிரிவில் இவ்வளவு காலம் வேலை செய்தவன் போனுக்குப் பயப்படுகிறான் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். நான் பயந்தவன்தான். அந்தப் பயத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை என்னோடு வேலை செய்த அன்ரி ஒருவரிடம் பார்த்தேன். அவரைப் பற்றித்தான் இது.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பிரிவு தொடங்கியபோது மூன்றே மூன்று பேர். தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர் பணிப்பாளர். ஆட்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. மூன்றாவது ஆளாக, இரவு பகலாக அவசர அழைப்பு வரும் ஒன்-கோல் போனைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்று விளம்பரம் போட்டோம். அதற்கு வந்தவர்தான் அன்ரி. மன்னார்ப் பக்கம், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் தொலைபேசி இணைப்பாளராக இருந்தவர். நேர்முகத்தில் பணிப்பாளர் ஒரு கேள்வி கேட்டார்: மூன்று போன் ஒன்றாக அடித்தால் என்ன செய்வீர்கள்? முதல் அடித்ததை முதல் எடுப்பேன், மற்ற இரண்டும் அடிக்கிறது என்பதை மறக்கமாட்டேன் என்றார். பணிப்பாளர் அப்போதே பேனையை மூடிவிட்டார். ஒரு மாதத்துக்குள் அவரும் வாய் நிறைய 'அன்ரி' என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் கை மாறும். அடுத்த வெள்ளிவரை அந்தக் கிழமை முழுவதும் அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. மேசையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது, கையிலிருந்து கைக்குத்தான் கொடுக்கவேண்டும், நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும் என்பது பணிப்பாளரின் சட்டம். ஏதாவது பெரிதாக நடந்தால் போன் வைத்திருப்பவர் வேலைத்தலத்துக்கு வந்து கதிரையில் உட்காரவேண்டும். இன்னொருவர் வந்து போனை வாங்கும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பக்கூடாது. எனக்கு என் முறை வரும் கிழமைகளில் சோறு இறங்காது. குளிக்கும்போது போனைக் கண்ணாடித் தட்டில் வைத்துக் கதவைத் திறந்து விட்டுக் குளிப்பேன். அன்ரியோ அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவார், பூசைக்குப் போவார். அவருக்குப் பயமே இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

மூன்றாவது வருடம் வந்தது என் பட்டியல். அனர்த்தம் வந்தால் சனத்தைத் தங்கவைக்க ஒரு சமூக நிலையத்தைத் திறக்கவேண்டும். அதை நடத்தத் தொண்டர்கள் வேண்டும். நான் கோயிலுக்குப் போனேன், தேவாலயத்துக்குப் போனேன், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஏற்ற வந்த தாய் தகப்பன்மாரை மறித்தேன். எங்கள் சனத்துக்கு முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல வராது. "போடும் தம்பி பேரை" என்றார்கள். மூன்று மாதத்தில் முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் நேரே கட்டங்கள் போட்டேன்: போன் நம்பர், கார் இருக்கிறதா, முதலுதவி தெரியுமா, என்ன மொழி. பணிப்பாளர் அதை மேலிடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பெருமைப்பட்டார். நானும் ஒரு சாண் உயர்ந்துதான் நடந்தேன்.

அன்ரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "தம்பி, உதிலை இருக்கிற சனம் முழுக்க ஒரே கலியாண வீட்டுக்குப் போற ஆக்கள். கலியாணத்தண்டு புயல் வந்தா ஆரைக் கூப்பிடுவீர்?" என்றார்.

"புயல் கலியாணக் கார்ட் பாத்தே வரும், அன்ரி?" என்று நான் பகிடி விட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வருடம் யூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம். அந்தக் கிழமை போன் என்னுடைய முறை. வியாழக்கிழமை அன்ரியிடம் போய், சனிக்கிழமையை மட்டும் மாற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். "சனியோ?" என்றார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் ஒரு கணம் பார்த்தார். அந்தக் கணத்தை நான் கண்டேன். கண்டும், ஏன் அன்ரி என்று கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு. "சரி, நீர் போட்டு வாரும்" என்றார்.

மார்க்கம் பக்கத்து மண்டபம். தாலி கட்டி முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வேட்டியில் பொக்கற் இல்லாததால் என் போன் மனைவியின் கைப்பைக்குள், கைப்பை கதிரைக்குக் கீழே. ஒரு தரம் விளக்குகள் கண்ணடித்துவிட்டுத் திரும்ப எரிந்தன. மண்டபத்துக்குச் சொந்த ஜெனரேட்டர் இருந்தது, நாதஸ்வரம்கூட நிற்கவில்லை. வெளியே ஸ்காபரோ முழுவதும் மரங்கள் முறிந்து விழுந்துகொண்டிருந்ததை உள்ளே இருந்த ஒருவரும் அறியவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து மனைவி பையைத் திறந்து போனை நீட்டினாள். அன்ரியிடமிருந்து இருபத்துமூன்று அழைப்புகள்.

நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தேன். வலது பக்க மேசையில் என் பட்டியலின் ஒன்று, இரண்டு, மூன்று. ஐஸ்கிறீம் வரிசையில் ஏழும் எட்டும். மேடையில் படம் பிடிக்க நின்ற கூட்டத்தில் பத்துப் பேராவது. முப்பத்தெட்டில் முப்பதுக்கு மேல் அந்த ஒரு கூரைக்குக் கீழே வடை தின்றுகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பயந்ததில்லை. அந்த முப்பத்தெட்டு நம்பரையும் ஒவ்வொன்றாக அடித்து, ஒருவரும் எடுக்காமல், திரும்ப மேலிருந்து தொடங்கும் ஒரு மனுசியை என்னால் அங்கிருந்தே பார்க்க முடிந்தது.

மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடுங்கினேன். "என்னட்டைப் பேர் தந்த ஆக்கள் எல்லாரும் உடனே வெளிக்கிடுங்கோ" என்று கத்தியது நினைவிருக்கிறது. சித்தப்பா இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. ஆனால் சனம் எழும்பியது. பட்டுச் சேலைகளும் பட்டு வேட்டிகளும் சமூக நிலையத்துக்குப் போய் மடக்குக் கட்டில்களை விரித்தன. கலியாணச் சாப்பாடு மிச்சம் பின்னாலேயே போனது. அதெல்லாம் பிறகு நல்ல கதையாகிவிட்டது. நான் வேலைத்தலத்துக்கு ஓடினேன். சிக்னல்கள் செத்துக் கிடந்தன, வீதிக்குக் குறுக்கே மரங்கள். அரை மணித்தியால வழிக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. விடுமுறைக்கு ஏரிக்கரைக் கோட்டேஜுக்குப் போயிருந்த பணிப்பாளருக்கு அதைவிடத் தூரம்.

அன்ரி கதிரையில் நேராக இருந்தார். முகம் வெளிறியிருந்தது, குரல் மட்டும் வழக்கம்போலத்தான். வீட்டில் ஒட்சிசன் இயந்திரத்தோடு இருப்பவர்கள் மின்சாரம் இல்லாமல் அந்தப் போனுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். விலாசங்களை வந்த ஒழுங்கில் எழுதி, அந்த ஒழுங்கிலேயே தீயணைப்புப் படைக்குச் சொல்லி, ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அவர்கள் அறிவித்ததும் நேரே சரி போட்டுக்கொண்டிருந்தார் அவர். ஆறு விலாசங்களுக்குச் சரி விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் நேரத்தை எழுதினார், கையெழுத்து வைத்தார், போனை என் கையில் தந்தார். அவர் கை ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. எழும்பிக் கதவடிக்குப் போய்ச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார்.

நான் புத்தகத்தைப் பார்த்தேன். ஏழாவது வரி. வோபர்னில் ஒரு கட்டடம், பதினாலாம் மாடி, லிஃப்ட் இல்லை, ஆள் தனிய, மனைவி வேலையில். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பயந்தவனுக்குக் கோபம் கிட்டத்தான் இருக்கும். "வருத்தக்கார மனுசனைத் தனிய விட்டிட்டுச் சனிக்கிழமையிலை வேலைக்குப் போறாளே, என்ன பொம்பிளை இவள்!" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கயிறு கட்டிய கைகள் நின்றன. "அது என்ரை வீடு, தம்பி" என்றார் அன்ரி. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் அந்தக் கதிரையில் நான் இருந்தேன். அவரது கணவருக்கு நுரையீரல் வருத்தம் என்று எனக்குத் தெரியாது. கிழமை நாட்களில் ஒரு பராமரிப்புப் பெண் வருவாள், சனி ஞாயிறு அன்ரிதான் பார்ப்பார் என்றும் தெரியாது. மூன்று வருடம் பக்கத்து மேசையில் இருந்த ஆளிடம் நான் அதைக் கேட்டதில்லை. தீயணைப்புப் படை ஏழாவதை ஏற்றுக்கொண்டது. போய்ச் சேர்ந்துவிட்டோம் என்ற அறிவிப்பு மட்டும் வரவில்லை. பதினாலு மாடியை அன்ரி இருட்டில் ஏறுவதை நினைத்தேன். மேலே போய் அவர் என்ன காண்பார் என்று நினைத்ததும் நிறுத்திக்கொண்டேன். போன் அடிக்கும் ஒவ்வொரு தரமும் அன்ரிதான் என்று பாய்ந்து எடுத்தேன். அடிக்காத நேரம் அதைவிட மோசம். கடவுளே, அந்த மனுசன் செத்தால் கொன்றவன் நான்தான் என்று ஒரு நூறு தரமாவது எனக்கு நானே சொல்லியிருப்பேன். இல்லையென்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

கடைசியில் அன்ரி அழைத்தார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். நான் பேனையைக் கையில் எடுத்தேன்.

"சரி போடும், தம்பி" என்றார். "ஏழாவதுக்குச் சரி போடும்."

கணவர் பிழைத்துவிட்டார். அன்ரி ஏறும்போது தீயணைப்புப் படையினர் அவரைத் தூக்குக் கதிரையில் இறக்கிக்கொண்டிருந்தார்களாம். ஒன்பதாம் மாடிப் படியில் சந்தித்தார்களாம். மின்சாரம் போனால் பாவிக்கும் மாற்றுச் சிலிண்டரில் ஒட்சிசன் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்ததாம். இதெல்லாம் பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். கணவர் அந்தப் போனுக்கு அழைத்தபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஏழாவதா எழுதியிருக்கிறன், வருவினம். சிலிண்டர் அளவை ஒண்டிலை வைச்சு மெதுவா மூச்சு எடுங்கோ எண்டன்." கரண்டியை வைத்துவிட்டார். "முதலாவதா எழுதக் கை போச்சுது, தம்பி. போனது உண்மை. முன்னுக்கு இருந்த ஆறு பேருக்கும் ஆரும் இருப்பினம்தானே." அவருக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. புயலடித்த அன்று நான் சொன்ன சொல்லைப் பற்றி அவர் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கப் பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் பட்டியலை அவர் விடவில்லை. புயலுக்கு அடுத்த கிழமையே இருந்து இருவருமாக அதைப் பிரித்துக் கட்டினோம். ஒரே கட்டடத்தார், ஒரே சொந்தக்காரர், ஒரே கோயில் என்று நிறம் நிறமாகக் கோடு போட்டபோது முப்பத்தெட்டுப் பேர் நாலு குடும்பமாகச் சுருங்கினார்கள். பிறகு பிலிப்பினோக்களிடம் போனோம், சோமாலியரிடம் போனோம், தூரத்து விட்பியிலிருந்து ரயிலில் வேலைக்கு வருபவர்களைக்கூடச் சேர்த்தோம். ஒவ்வொரு வெள்ளியும் வரும் கிழமைக் கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று சனம் கூடும் சடங்கு எல்லாம் கேட்டெழுதினோம். பணிப்பாளருக்கு அது புதினமாக இருந்தது. கட்டங்களில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தவர் அன்ரிதான்: வீட்டில் யார் காத்திருப்பார்கள்.

இன்றைக்கு எங்கள் பிரிவில் பதினொரு பேர். அன்ரி ஓய்வு பெற்றுவிட்டார். கணவர் அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்து, வீட்டில், மனைவி பக்கத்தில் இருக்கும்போது போனார். இன்று வெள்ளிக்கிழமை. நாளைக்குக் காற்று என்று வானிலைக்காரர்கள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாலு மணிக்குப் புதிய போனை நான் வாங்கவேண்டும். கொடுக்கும் பெண் கனடாவில் பிறந்தவள், சட்டத்தைப் பிசகாமல் செய்வாள். போனை என் கையில் வைத்துவிட்டு விடமாட்டாள். "அங்கிள், வீட்டிலை ஆர்?" என்பாள். பதில் எழுதியபிறகுதான் விரல் தளரும். மோர்னிங்சைட்டில், ஒன்பதாம் மாடியில், என் அம்மா இப்போது தனியாக இருக்கிறார். இந்தச் சனிக்கிழமையை வேறு யாராவது எடுக்கமுடியுமா என்று கேட்கலாம்தான். கேட்டால் யாராவது ஒருவர் யன்னலைப் பார்த்துவிட்டு ஓம் என்பார். அந்த ஒரு கணம் எனக்குத் தெரியும்.

லாச்சியில் அந்த மஞ்சள் போனுக்குக் கீழே பழைய பதிவுப் புத்தகமும் இருக்கிறது. சற்று முன் எடுத்துப் பார்த்தேன். முதல் ஆறு சரியும் அன்ரியின் கை, ஒரே அளவு, நேராக நிற்கின்றன. ஏழாவது கோணலாகக் கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது, தாள் கிழிந்துமிருக்கிறது. அது நான் போட்டது. மணி மூன்று ஐம்பது. நான் போகவேண்டும்.