சிவப்பு படாத மூக்கு

வகுப்பில் அவளுக்குச் சுயம்பு என்று பெயர். யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். பேனாவில் மை தீர்ந்துபோனால் பக்கத்தில் இருப்பவளிடம் கடன் வாங்காமல், மீதி வகுப்பு முழுவதையும் கையைக் கட்டிக்கொண்டு மனப்பாடம் செய்கிற பேர்வழி. திமிர் என்று சிலர் முணுமுணுத்தார்கள். திமிர் இல்லை, வளர்ந்த விதம் அப்படி. அப்பா இறந்த பிறகு அம்மா துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கும் வேலைக்குப் போனாள். பிள்ளை வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. "எம் பொண்ணு இதுவரைக்கும் என்கிட்ட ஒன்னு வேணும்னு கேட்டதில்ல" என்று அம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள்.

அந்தப் பெருமைதான் பல் மருத்துவக் கல்லூரியில் அவள் காலை வாரியது.

நோயாளியைத் தொடுவதற்கு முன் அங்கே ஒரு தேர்வு உண்டு. நாற்காலியில் ஒரு பொம்மைத் தலையைப் பொருத்தி, அதன் வாய் நிறையச் சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அதுதான் எச்சில். கையுறை போட்டுக்கொண்டு அந்த வாயில் வேலை செய்ய வேண்டும். உதவிக்குப் பக்கத்தில் ஒருவர் சுத்தமான கையோடு நிற்பார். முடிந்ததும் கிருமியியல் பேராசிரியை ஈரமான வெள்ளைத் துணியோடு வருவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சோப்பு மேடம். மேஜை, இழுப்பறைக் கைப்பிடி, நாற்காலி முதுகு என்று எல்லாவற்றையும் துடைப்பார். சிவப்பு வரக்கூடாத இடத்தில் வந்தால் ஆள் காலி.

"வாய்க்குள்ள நூத்துக்கணக்கான வகைக் கிருமி குடியிருக்கு. எச்சிலுக்குக் கலர் இல்ல, அதான் உங்களுக்கெல்லாம் இவ்ளோ தைரியம். நான் கலர் போட்டுக் காட்டுறேன்" என்பார்.

முதல் தடவை சுயம்புவின் முகத்தைத்தான் துடைத்தார். துணி சிவந்தது. கனத்த சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி அவளுடையது, குனிந்தால் நழுவும், விரல் தானாகப் போய் ஏற்றிவிடும். நம்மில் ஆச்சரியப்படுகிறவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். இவள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் வைத்திருக்கிறாள், அதுவும் தனக்கே தெரியாமல்.

"இதே கண்ணாடியோட வீட்டுக்குப் போவ. கழட்டி மேஜைல வைப்ப. உங்கம்மா அதை எடுத்துத் தொடச்சு வைப்பாங்க. யாரோ ஒருத்தர் வாயில இருந்தது உங்கம்மா கைக்கு வந்தாச்சு. சரிதானே?"

அவள் மறுநாள் கண்ணாடிக் காம்புகளில் ரப்பர் நாடாவைத் தைத்துத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். தையல்காரி மகளாயிற்றே. இரண்டாம் தடவை மூக்கு தப்பியது, இழுப்பறைக் கைப்பிடி மாட்டியது. பஞ்சு தீர்ந்துபோக, சிவப்புக் கையாலேயே இழுத்து எடுத்திருக்கிறாள். பஞ்சு எடுத்துத் தருவதற்கென்றே பக்கத்தில் நின்றவளின் பட்டப்பெயர் ரேடியோ. வாய் ஓயாத பெண்.

"ஏண்டி, நான் எதுக்கு நிக்கிறேன்? தூண் மாதிரி நிக்கவா? பஞ்சு குடுன்னு சொன்னா வாய்ல முத்தா உதிர்ந்துடும்?" என்று அவள் நடைபாதை முழுக்கப் பொரிந்து தள்ளினாள்.

மூன்றாம் தடவைதான் கடைசி. அதிலும் தவறினால் அடுத்த வருடப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். இன்னொரு வருடம் அம்மா துணிக்கடையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். சுயம்பு விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் பீட்ரூட் சாற்றில் விரலை நனைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினாள், புத்தகம் அடுக்கினாள், எங்கே கறை படுகிறது என்று வீடு முழுக்கத் தேடினாள். எதிரே அம்மா ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு, நடுப்பகுதியைத் தேநீரில் ஊறவைத்து, இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். நம் பல் டாக்டருக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

தேர்வன்று தட்டு நிறையப் பஞ்சும் கருவிகளும் முன்கூட்டியே அடுக்கிவிட்டாள். யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

வேலை பாதி ஓடியிருக்கும். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஈரக் கையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. என்னென்னவோ இரண்டிரண்டாக வைத்தவள் இதை மட்டும் ஒன்றே ஒன்று வைத்திருந்தாள். அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து நாடாவின் தையலும் விட்டுப்போய், மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது.

கை எழுந்தது. பாதியில் நின்றது. சோப்பு மேடம் சுவரோரம் துணியை மடித்துக்கொண்டு நின்றார்.

அந்தரத்தில் நின்ற சிவப்பு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு இவ்வளவு கூச்சம் இருக்குமென்று கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியாது.

"ரேடியோ..." என்றாள். "வேற கண்ணாடி ஒன்னு எடுத்துத் தர்றியா? அப்புறம்... மூக்குல இருக்கிறதையும் கொஞ்சம் ஏத்தி விடேன்."

ரேடியோவுக்குப் பேச்சே வரவில்லை. அது அந்தக் கல்லூரி காணாத அதிசயம். கேட்டதை எடுத்துக் கொடுத்தாள், சுத்தமான ஒற்றை விரலால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள்.

மேடம் துடைத்தார். இழுப்பறை வெள்ளை. மேஜை வெள்ளை. கடைசியில் மூக்கு. அதுவும் வெள்ளை.

"இதைக் கேக்க மூணு தடவையா?" என்றார். "போ, நாளைலேர்ந்து நோயாளி பாரு."

வீட்டுக்கு ஓடிவந்து நடந்ததை அப்படியே கொட்டினாள். அம்மா சிரித்தாள். பாதிச் சிரிப்பில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நானும் ஒன்னு கேக்கட்டுமா?" என்றாள்.

"என்னம்மா?"

"இந்தப் பக்கம் ஒரு பல்லு. தாங்க முடியல."

விளக்கடிக்கு வந்து வாயைத் திறந்தாள். தூரத்திலிருந்தே வீக்கம் தெரிந்தது.

"எவ்ளோ நாளாம்மா?"

"போன வருஷத்துலேர்ந்து."

"போன வருஷமா! பல்லுக்குப் படிக்கிற பொண்ண வீட்டுல வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ எப்போ என்கிட்ட ஒன்னு கேட்டிருக்க, நான் உன்கிட்ட கேக்க?"

சுயம்புவுக்குச் சுருக்கென்றது. கோபமும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. உதட்டை விலக்கிப் பார்க்க நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"இரு. கை கழுவிட்டு வர்றேன். காலைல மொத ஆளா உன்னைத்தான் அந்த நாற்காலில உக்கார வைக்கிறேன். கடை, லீவுன்னு ஏதாவது சொன்ன, பாரு!"

குழாயைத் திறந்து விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. கண்ணாடி நழுவியது. கழுவிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கண்ணைத் தொடச்சு விடேன்" என்றாள்.

அம்மா எழுந்து வந்து கண்ணாடியைக் கழற்றினாள். கண்களைத் துடைத்துவிட்டு, அதைப் பழையபடி மாட்டி மேலே ஏற்றிவிட்டாள்.