ஷாலினிக்கு மைக் வேண்டாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டிபனே முடியவில்லை... அண்ணனிடமிருந்து போன்.

"பாப்பா, ஊட்லதான கீற? கார எடுத்துகினு வரியா? ஷாலினிய இட்டுகினு பாடி வரைக்கும் போவணும்."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சேகர் அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். அவர் ஆவடியில் ராணுவத்துக்கான தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது. வீடு கோவில்பதாகையில். நான் இருப்பது அயனம்பாக்கத்தில். கூப்பிட்ட குரலுக்கு ஓடலாம், டிராபிக் விட்டால்.

"பாடில என்னண்ணா?"

"உன் மருமவ கம்ப்யூட்டர் வாங்குதாம். சம்பளத்துல சேத்து வச்சிகீது. கேம் ஆடறத லைவா காட்டுவாங்கல்ல... அதுக்கு."

ஷாலினியைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதில்லை. அண்ணனுக்கு ஒரே பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிற வேலை. பிறந்ததிலிருந்து காது கேட்காது. பேச்சும் வராது. அவளுக்குப் பேச்சு என்றால் கைகள்தான்.

காது கேட்காத பெண்ணுக்கு லைவ் ஸ்ட்ரீமிங் எதற்கு என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். மனசுக்குள்தான்.

காரில் ஏறியதும், நான் வண்டியைக் கிளப்புவதற்குள், அவளே சொன்னாள். எனக்கு சைகை மொழி அரைகுறை. பாதி அவள் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன், மீதியை அண்ணன் சொன்னார். விஷயம் இதுதான். அவளோடு ஸ்கூலில் படித்தவர்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில். நாலு பேர் டீமாகச் சேர்ந்து ஆன்லைனில் விளையாடுகிறார்கள். சுட்டு, ஒளிந்து, ஓடுகிற ஆட்டம். அதை வேடிக்கை பார்க்க அவர்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால், யார் வீடியோவைத் திறந்தாலும் கமென்ட்ரி வாயால்தான்.

"எங்க ஆளுங்களுக்கு யாரு கமென்ட்ரி சொல்றாங்க அத்தை? யாரும் இல்ல. நான் சொல்லப் போறேன்."

அவள் விளையாடப் போவதில்லை. நண்பர்கள் விளையாட, இவள் கேமரா முன்னால் உட்கார்ந்து கையாலேயே கமென்ட்ரி கொடுப்பாள். எனக்குச் சட்டென்று ஒரு மரியாதை வந்துவிட்டது.

அண்ணனுக்கு வந்தது வேறு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "நீ ரேடியோல எல்லாம் பேசுனவதான பாப்பா... வேகமா பேசும்போது மூச்ச எங்க வுடணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷாலினி ஸ்கூலில் படித்த காலத்தில், முதல் ஷிப்ட் முடிந்ததும் நேராக ஸ்கூல் வாசலுக்குப் போய்விடுவார். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கும். மைதானத்தில் பிள்ளைகள் கையாட்டிப் பேசிக்கொள்வதைக் கம்பி கேட் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டி, சரியா என்று கேட்பார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் கற்ற பாஷை அது.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியானாலும் பேங்க் ஆனாலும் அண்ணன்தான் அவள் குரல். வேலைக்கு இன்டர்வியூ போனபோதுகூடப் பக்கத்து நாற்காலியில் அவர்தான்.

பாடி மேம்பாலத்தைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவில் நெளிந்து, கடையைக் கண்டுபிடித்தோம். மாடியில் ஒரு ஹால். சுவர் முழுக்கப் பெட்டிகள். கடைக்காரர் பெயர் டில்லிபாபு. முப்பது வயது இருக்கும், உற்சாகமான ஆள்.

"வாங்கண்ணாத்தே. கேமிங்கா, ஸ்ட்ரீமிங்கா?"

"ரெண்டும்" என்றார் அண்ணன்.

டில்லி எடுத்தவுடன் ஒரு பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்து வைத்தார். "இத்த மாட்டிகினா போதும், பின்னால எவன் நடந்து வரான்னு காதுலயே தெரிஞ்சிடும்."

"பொண்ணுக்குக் காது கேக்காதுப்பா."

டில்லி ஹெட்போனை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஷாலினி பக்கமே அவர் பார்க்கவில்லை. பாப்பாவுக்கு எவ்ளோ பெரிய ஸ்கிரீன் வேணும், பாப்பாவுக்கு இன்னா கலர் புடிக்கும்... எல்லாக் கேள்வியும் அண்ணனுக்கு. அண்ணனும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், தனக்குத் தெரிந்ததை வைத்து. அவருக்குத் தெரிந்தது கலர் மட்டும்தான்.

ஷாலினி மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள். போனில் எதையோ டைப் செய்து டில்லியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். "என்கிட்ட கேளுங்க."

டில்லி ஒரு நொடி நின்றார். பிறகு, பில் போடுகிற கம்ப்யூட்டரின் ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினார். எழுத்தைப் பெரிதாக்கி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட ஆரம்பித்தார். அவள் போனில் பதில் தட்டினாள். அப்புறம் என்ன... நானும் அண்ணனும் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஆட்டத்தை நம் ஸ்கிரீனில் ஓட்ட வேண்டும். அதே நேரத்தில் அதை வீடியோவாக்கி வெளியே அனுப்பவும் வேண்டும். ஒரே ஆள் தோசையும் ஊற்றிக்கொண்டு பரிமாறவும் செய்கிற மாதிரி. அனுப்புகிற வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அடுப்படி தடுமாறாது. அதனால் ப்ராசஸரில் ஒரு படி இறங்கி, கார்டில் ஒரு படி ஏறினாள். உள்ளே கலர் கலராய் லைட் எரிகிற கேபினெட்டை டில்லி ஆசையாகக் காட்டினார். வேண்டாம் என்றுவிட்டாள். கையைப் பார்க்க வேண்டியவர்கள் கண்ணை அந்த லைட் இழுத்துவிடுமாம்.

ஃபேன் விஷயம்தான் வேடிக்கை. கம்ப்யூட்டருக்குள் சூடு ஏறாமல் இருக்க வைக்கிற ஒரு ஃபேனை டில்லி காட்டி, சத்தமே வராது, அதனால்தான் விலை கூட என்று டைப் செய்தார். ஷாலினி சிரித்துவிட்டாள். நன்றாகக் காற்றடிக்கிற, விலை குறைந்த, சத்தம் போடுகிற ஃபேனையே எடுத்தாள். "சத்தத்த அம்மா பாத்துப்பாங்க" என்று எனக்குக் கை காட்டினாள்.

மிச்சம் பிடித்ததையெல்லாம் கேமராவிலும் லைட்டிலும் போட்டாள். ஒவ்வொரு கேமராவையும் மாட்டச் சொல்லி, அதன் முன்னால் விரல்களை விரித்து மூடிப் பார்த்தாள். முதல் கேமராவில் விரல்கள் கலைந்து, ஈரம் பட்ட மை மாதிரி தெரிந்தன. நாம் முகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவோம். அவளுக்கு விரல் கலைந்தால் வார்த்தை கலைந்த மாதிரி. மூன்றாவது கேமராவில் ஐந்து விரலும் தனித்தனியாக நின்றன. டில்லியே, "இதுதான்" என்று தலையாட்டிவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தோம். அண்ணன் எழவில்லை.

"தம்பி, ஒரு மைக்கு காட்டுப்பா. நல்லதா."

டில்லி கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். கறுப்பாக, கனமாக, ஸ்டாண்டோடு. அண்ணன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். வாய்க்கு நேரே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சு எங்கே விடுவது என்று கேட்டது இதற்குத்தான். அவள் கையால் சொல்வதை இவர் குரலால் சொல்லப்போகிறார். எத்தனை நாளாக அந்த ஆட்டத்தின் வீடியோக்களைப் பார்த்து, துப்பாக்கிப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார் என்று அண்ணி பிற்பாடு சொன்னார். குளிக்கும்போதுகூட முணுமுணுப்பாராம்.

ஷாலினி அப்பாவையும் மைக்கையும் பார்த்தாள். வேண்டாம் என்று கையசைத்தாள்.

"பில்லுல சேக்காத. இது நான் வாங்கித் தரேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையாலும் சொன்னார் அண்ணன்.

அவள் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சைகையாகச் சொன்னாள். எனக்கே முழுசாகப் புரிந்தது.

"அப்பா, அங்க ஒரு குரல் வந்தா, காது கேக்கறவங்க உன்னக் கேப்பாங்க. என்னப் பாக்க மாட்டாங்க."

டில்லிக்கு சைகை தெரியாது. ஆனாலும் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது போல. மைக்கைச் சத்தமில்லாமல் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பில் போடப் போனார்.

திரும்பும்போது பின்சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே ஷாலினி. முன்சீட்டில் அண்ணன். வரும்போது ஓயாமல் பேசியவர், அம்பத்தூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அது சொன்னது கரெக்ட்டுதான் பாப்பா... இல்ல?"

"ம்."

"எல்லா எடத்துலயும் நான்தான் பேசுனேன். இன்டர்வியூல அந்தாளு அதப் பாத்துக் கேட்டான். நான் பதில் சொன்னேன். அது கிட்ட என்னான்னு கேக்காமயே சொல்லிட்டேன். நல்லதுக்குத்தான் பண்றேன்னு நெனச்சிகினு இருந்துட்டேன்."

"நல்லதுக்குத்தானேண்ணா பண்ணீங்க."

"நல்லதுக்குத்தான்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தட்டியது. திரும்பினார். பசிக்கிறது என்றாள் ஷாலினி. எனக்கென்னவோ அது பசி மட்டும் இல்லை என்று தோன்றியது. அப்பா பேசாமல் வருவது அவளுக்குக் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன?

வழியில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். சர்வர் வந்து வழக்கம்போல அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாயைத் திறந்தார்... மூடிக்கொண்டார். தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த விலைப் பலகையை ரொம்பக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். ஷாலினி போனில் தட்டிக் காட்டினாள். மூன்று பேருக்கும் பொடி தோசை வந்தது. அண்ணனுக்கு ரவா தோசைதான் பிடிக்கும். அன்றைக்குப் பொடி தோசையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வீட்டில் கம்ப்யூட்டர் பாகங்களை அவளே சேர்த்து மாட்டினாள். அண்ணன் டார்ச் பிடித்தார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் முதல் லைவ். நானும் போயிருந்தேன். ஷாலினி அவள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் ஹாலில், டிவி முன்னால். அண்ணி கறிக்குழம்பை இறக்கிவைத்துவிட்டு, கரண்ட் போய்விடக் கூடாதே என்று சாமி படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். அறைக்குள்ளிருந்து அந்த ஃபேன் மாவு மெஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

திரையில் ஆட்டம் பாதி, ஷாலினி பாதி. கறுப்புச் சட்டை, பின்னால் வெறும் சுவர். வெளிச்சத்தில் கைகள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. பார்க்க வந்தவர்கள் கமென்ட்டில் ஆளாளுக்குக் கை படமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. அவளும் தொடங்கினாள்.

அண்ணன் பழக்கதோஷத்தில் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். "ரெண்டு பேரு ஊட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிகினு கீறாங்களாம்... ஒருத்தன் ஜன்னலாண்ட... அப்பால..."

நிறுத்தினார். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பால என்னண்ணா?"

"இரு... தவறிப்போச்சு."

மறுபடியும் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் கைகள் பறந்தன. புருவம், தோள், கன்னம், கழுத்து எல்லாம் பேசின. ஒரு கை ஓடுகிறவனாகவும் இன்னொரு கை துரத்துகிறவனாகவும் மாறி, நடுவில் ஏதோ கிண்டல் அடித்தாள் போல. கமென்ட்டில் சிரிப்புப் படங்கள் கொட்டின. எங்கள் ஹாலில் மட்டும் யாருக்கும் அந்த ஜோக் புரியவில்லை.

அண்ணன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்மாம் வேகமா பேசுமா இது?"

அவர் கேட்டது எங்களை இல்லை.

"எங்கிட்ட ஒரு நாளும் இப்பிடிப் பேசுனதில்ல பாப்பா. எனக்குப் புரியணுமேன்னு... இத்தன வருசமா மெதுவா பேசிகினு இருந்துகீது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் முகம் வருத்தமாக இல்லை. மகள் முதல் தடவை சைக்கிள் ஓட்டுவதைத் தெருவில் நின்று பார்க்கிற அப்பாவின் முகம் அது. அவள் நண்பர்கள் டீம் ஜெயித்ததா, தோற்றதா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அவள் ஜொலித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாம் ஒருவருக்காக எவ்வளவு செய்கிறோம் என்பதை நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். அவர் நமக்காகத் தன்னை எவ்வளவு குறைத்துக்கொள்கிறார் என்பது கண்ணில் படுவதே இல்லை. புது மருமகள் நம் வீட்டுக்குத் தகுந்த மாதிரி சிரிக்கிறாள். பிள்ளைகள் நமக்குப் புரிகிற அளவுக்கு மட்டும் ஆபீஸ் கதை சொல்கிறார்கள். நாமும் அவ்வளவுதான் அவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

லைவ் முடிந்து ஷாலினி வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அண்ணன் எழுந்து போய் அவளிடம் கையால் ஏதோ கேட்டார். இனிமேல் என்கிட்டேயும் அதே மாதிரி பேசு என்று கேட்டாராம். அவள் அப்பாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு, இரண்டு கையையும் தூக்கி, மழை மாதிரி என்னவோ கொட்டினாள். முடித்துவிட்டு அவர் தோளில் ஒரு குத்துக் குத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

"என்னண்ணா சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் புரியல பாப்பா" என்றார் அண்ணன், முகமெல்லாம் சிரிப்பாக. "ஆனா மெதுவா சொல்லுன்னு நான் கேக்கல."