ரிபாயியின் போன் கேட்ட எண்

அன்று வீட்டில் இருந்தவர்கள் முகம்மது மைதீன், அவர் மனைவி மீரா பீவி, மருமகள் ஷம்சாத் பேகம், மூன்று வயதுப் பேத்தி அப்ரீன் பானு, ஷம்சாத்தின் தம்பி யாகூப். ஆறாவதாக ஒருவரைக் கண்டதாக எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. காதில் விழுந்ததைத்தான் சொன்னோம். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. நடந்ததில் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

மைதீனின் ஒரே மகன் ரிபாயி சிவகிரி ரோட்டில் பைக் சறுக்கி மவுத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஷம்சாத் புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தாள், வாசலைத் தாண்டுவதில்லை. அவன் விட்டுப்போன பழைய போனில் அவன் குரல் இருந்தது. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது விளையாட்டாகப் பதிந்தது. “ஆ காட்டு மக்கா... இன்னொரு வாய்... அம்புட்டுதான், முடிஞ்சிட்டு.” வாப்பாவின் அந்தக் குரலைப் போட்டால்தான் அப்ரீன் சாப்பிடுவாள். இல்லையென்றால் பட்டினிதான்.

அந்தப் போன் அடிக்கடி உறைந்து நின்றது. புது வெர்ஷனுக்கு மாற்றச் சொல்லித் திரையில் தினமும் அறிவிப்பு வந்தது.

“கிழட்டுப் போன்க்கா. புது வெர்ஷன் போட்டுப் பல்லு கட்டி விடுதேன், இன்னும் ரெண்டு வருசம் ஓடும்” என்றான் யாகூப்.

“ஏலே, உள்ள இருக்கது போயிராதுல்லா?” என்று கேட்டாள் மீரா பீவி.

“ஒண்ணும் போகாது மாமி.”

போகவில்லைதான். ஆனால் மாற்றம் முடிந்து போன் எழுந்ததும் ஷம்சாத்தின் கட்டைவிரலை ஏற்கவில்லை. இத்தனை நாளும் அந்த ரேகையில்தான் திறந்தது. இப்போது நாலு எண் கேட்டது. அது ரிபாயிக்கு மட்டுமே தெரியும். கல்யாண நாள், பிள்ளை பிறந்த நாள், பைக் நம்பர், எதற்கும் திறக்கவில்லை.

அப்ரீன் முந்தின ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை. கடையில் கேட்டு வருவதாகச் சொல்லி யாகூப் கிளம்பினான். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. ஷம்சாத் சோற்றுத் தட்டை அறையில் பிள்ளை முன் வைத்துவிட்டு, கூடத்தில் தொழப் போனாள்.

தொழுது சலாம் கொடுத்து முடித்தபோது அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

“ஆ காட்டு மக்கா...”

அப்பாடா, திறந்துவிட்டது. ஷம்சாத்துக்குக் கண் நிறைந்தது. யாகூப் எப்போது வந்தான்?

“இன்னொரு வாய்... அம்புட்டுதான், முடிஞ்சிட்டு.”

பதிவு அதோடு நின்றுவிடும். நிற்கவில்லை.

“வாயத் தொடச்சுக்கோ.”

அப்படி ஒரு வரி அதில் இல்லை.

மைதீன் நாற்காலியை விட்டு எழுந்தார். மீரா பீவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா அந்தக் குரல்.

ஷம்சாத் கதவைத் தள்ளினாள்.

தட்டு காலி.

பிள்ளையின் வாய் ஈரமாக இருந்தது.

“யாருட்டி ஊட்டுனது?”

“வாப்பா.”

ஷம்சாத் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வாப்பா கை சில்லுன்னு இருக்கும்மா.”

போனைத் தேடினாள். தலையணைக்கு அடியில் இல்லை. சார்ஜர் வயர் மட்டும் சுவரில் தொங்கியது.

வாசலில் செருப்புச் சத்தம். யாகூப்.

“கடையிலயும் முடியாதுன்னுட்டான்க்கா. எல்லாத்தையும் அழிச்சாத்தான் திறக்குமாம்.”

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். காலையிலிருந்து அது அவனிடம்தான் இருந்தது.

திரை நாலு எண் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. மைதீன் வீட்டார் எப்படியோ பூட்டைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ரிபாயியின் குரல் கேட்கிறது என்று. அது தவறு. அந்தப் போன் இன்றுவரை திறக்கவில்லை.