ஐம்பதுக்கு முப்பத்தொன்று

கந்தர்வக்கோட்டைச் சாலையில் முந்திரி வாங்க வண்டியை நிறுத்துகிறவர்கள் அந்தோணிமேரி கொட்டகையில் நிறுத்துவது உத்தமம். பேரம் மட்டும் படியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குறைத்துக் கேட்டால், "அங்கிட்டு நாலு கொட்டகை இருக்கு, பார்த்துட்டு வாங்க" என்று கையைக் காட்டுவாள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்கிற திமிர். வரத்தான் செய்கிறார்கள், என்ன பண்ணுவது?

ஆவூரில் பிறந்து, ஜோஸைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள். இருபத்திரண்டு வருஷமாக வறைச்சட்டி முன்னால் நிற்கிறாள். புருஷன் மினி லாரி ஓட்டுகிறான். கொட்டகை இவள் ராஜ்ஜியம். ஒவ்வொரு ஈடு வறுத்து உடைத்ததும் ஒரு பருப்பை எடுத்து, ஆறவிட்டு, முன்பல்லால் கடித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை ஜோஸ் "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டான். சரியில்லாத ஈட்டை விற்கவே மாட்டாள் என்று ஊரில் பேர்.

வெயில் காலத்தில் வியாபாரம் கொழிக்கும். மழை பிடித்தால் சாலையில் கார் நிற்காது. முந்திரித் தோடு உடைக்கிற சுகுணாவுக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் வேலை கிடையாது. இந்த நேரத்தில்தான் சந்தோஷ்குமார் வந்து சேர்ந்தான். வல்லத்திராக்கோட்டைப் பையன். பெங்களூரில் நண்பர்களோடு சேர்ந்து சின்ன அளவில், தங்கள் கைப்பக்குவத்தில் பீர் காய்ச்சும் தொழில். வறுத்த பார்லியில் 'பிரவுன் ஏல்' என்று ஒரு பழுப்பு பீர் காய்ச்சி, அதில் முந்திரி உடைசலை ஊற வைக்கப்போவதாகச் சொல்லி, சோதனைக்கு ஒரு மூட்டை வாங்கிப் போனான். சரியாக வந்தால் மாதம் நாற்பது கிலோ, வருஷம் முழுக்க. மழைக் காலத்திலும் நாலு பேருக்கு அடுப்பு எரியும். அந்தோணிமேரி இரண்டு மாதமாக இதற்காகவே செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் ஒரு காலை அவன் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினான். உள்ளே இரண்டு பாட்டில். கையில் ஒரு அச்சடித்த தாள்: நிறம், வாசம், ருசி, கடைசியில் நாக்கில் நிற்பது, மொத்தம் ஐம்பது மார்க்.

"பெங்களூர்ல பெரிய பெரிய ஆளுங்க மார்க் போட்டுட்டாங்கக்கா. பருப்பு குடுத்தவங்க நீங்க. நீங்களும் போடணும்."

"மாதாவே, நானா? கிறிஸ்மஸுக்கு வீட்டுல போடுற திராட்சை ஒயின்ல ரெண்டு மடக்கு. அதுக்கு மேல நான் என்னத்தக் கண்டேன் தம்பி?"

என்றாலும் ஆசை யாரை விட்டது? சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். சுகுணாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். எவர்சில்வர் டம்ளரில் அவன் ஊற்றினான். அந்தோணிமேரி குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சும்மா இருந்தாள்.

"என்னக்கா, பயமா இருக்கா?"

"பயமென்ன பயம்? இம்புட்டு சில்லுனு இருந்தா நாக்கு மரத்துப்போயிரும். ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் பொறுங்க."

சந்தோஷ்குமார் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். இதைப் புரியவைக்கத்தான் அவன் பெங்களூரில் தன் வாடிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.

டம்ளரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். "வரக்காப்பி கலரு. ஓரத்துல செவப்பு அடிக்குது. நல்லாருக்கு." மூக்கருகே கொண்டுபோனாள். "ரொட்டி முறுகுன வாசம். அதுக்கு அடியில வெல்லப்பாகு." ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் வாயில் சுளிப்பு போயிற்று. "கசப்பு நிக்காமப் போயிருதே, கெட்டிக்காரர்தான் நீங்க." மூன்றாம் வாயில் கண்ணை மூடினாள், அவள் முகம் மலர்ந்தது.

"ஏ சுகுணா, நம்ம பருப்புடி! அப்படியே வருதுடி!"

விழுங்கினாள். அடுத்த கணம் சிரிப்பு நின்றுவிட்டது. தொண்டையில் ஏதோ மிச்சம் நின்றது. கருகல் இல்லை. புகை. அந்தப் புகையை அவளுக்கு நன்றாகவே தெரியும்.

புரட்டாசியில் ஒரு நாள், ஈடு இறக்கிய நேரத்தில் மழை கொட்டிவிட்டது. வறுத்த கொட்டையை வெளியில் பரப்பிப் புகை போகவிட்டுத்தான் உடைக்க வேண்டும். அன்றைக்கு அப்படியே வாரி உள்ளே போட்டுத் தார்ப்பாயால் மூடினார்கள். கொட்டை உள்ளேயே புகைந்து கிடந்தது. உடைத்தபோது பருப்பு வெள்ளைவெளேரென்று இருந்தது. கடித்துப் பார்க்காமலே மூட்டை கட்டினாள். "உடைசல்தானே, பீருல போடப் போறாரு. குடிக்கிறவனுக்கு என்ன தெரியப்போவுது?" என்று அவளேதான் சுகுணாவிடம் சொன்னாள்.

"கடைசியில லேசா ஒரு புகை வருதுன்னு அங்கயும் சொன்னாங்கக்கா," என்றான் சந்தோஷ்குமார். "பார்லி வறுத்துக் குடுக்கிறவரோட வேலைதான் அது. ரெண்டு வாரமா அவரோட சண்டை. இந்த வாரத்தோட ஆளை மாத்திடப்போறேன். உங்க பருப்பு அருமை. நாப்பது கிலோ பேசி முடிச்சுடலாமா?"

சுகுணா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பேசாமல் இரு என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் போதும், காரியம் முடிந்தது. முகம் தெரியாத அந்தப் பார்லிக்காரர் மேல் அந்தோணிமேரிக்குக் கோபம்கூட வந்தது. அந்த மனுஷன் ஏன் குறுக்கே வந்து நிற்கிறார்?

"முப்பத்தொண்ணு," என்றாள்.

"என்னக்கா?"

"மார்க்கு. அம்பதுக்கு முப்பத்தொண்ணு. கொறைச்சதெல்லாம் என் பருப்புக்கு. அந்தப் புகை பார்லி இல்ல தம்பி, நாந்தான்." மழையையும் தார்ப்பாயையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். உடைசல்தானே என்று சொன்னதையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

அவன் தாளை மடித்தான், போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டான்.

"போச்சு!" சுகுணா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தாளுக்குத் தெரியவே தெரியாதேக்கா! வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேடி."

காருக்குப் பக்கத்தில் அவன் நெடுநேரம் பேசினான். "தப்பு எம்மேலதாண்ணே, மன்னிச்சிருங்க" என்று இரண்டு முறை கேட்டது. திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது, ஆனால் சிரித்தான்.

"பார்லிக்காரர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். போகட்டும், நல்ல பார்லி கைவிட்டுப் போகாம தப்பிச்சுது. அக்கா, இந்த மாதிரி மார்க் போட எனக்கு பெங்களூர்ல ஆளில்ல. அடுத்த மூட்டை நாலு நாள்ல குடுத்துடுவீங்களா?"

"குடுத்துடுறோம் சார்!" என்று சுகுணா முந்திக்கொண்டாள். "நாலு நாள் எதுக்கு, மூணே நாள்ல!"

அந்தோணிமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். வடக்கே மேகம் கறுத்துக் கிடந்தது.

"வெயில் அடிச்சா வறுக்கிறேன்," என்றாள். "அடிக்கலைன்னா அவசரப்படாதீங்க."