மடுகரை மாடியும் ஆப்பிரிக்க ஆட்சியும்

மடுகரையை விட்டு ஏம்பலம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, பைக்குள் இரண்டு லுங்கி, ஒரு தட்டு. நைஜர் என்கிற நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிரஞ்சுப் படையை வெளியே போகச் சொல்லிவிட்டது. அதனால் மடுகரையில் என் வேலை போய்விட்டது.

நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவன். வாத்தியார் உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவுக்கு வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். அந்தக் கண்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் ஒரு கரும்பு விவசாயி வீட்டின் மேல்மாடிக் கட்டுவேலையில்தான்.

அவருடைய மாமனார் இங்கே பிரஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்தே பிரஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தவர். அந்த வழியில் இவர் மகனுக்கும் குடியுரிமை வந்து, அவன் பிரஞ்சுப் படையில் சேர்ந்து சொல்தா, அதாவது சிப்பாய், ஆகிவிட்டான். நைஜர் பாலைவனத்துக்கு அனுப்பியதால் சம்பளத்துக்கு மேல் தனியாகப் பணம் வந்தது. அந்தப் பணம்தான் மேல்மாடி. அதனால் எங்கள் கொத்தனார் தினமும் காலையில் வந்ததும் வீட்டுக்காரரைக் கேட்பார்.

"இன்னாண்ணே, அங்க ஆட்சி நிக்குதா? கலவை போடலாமா?"

தண்ணீர் ஊற்றிய சிமெண்ட் யாருக்காகவும் காத்திருக்காது.

வீட்டுக்காரர் பிரான்ஸை 'நாம' என்றுதான் சொல்வார். "நாம அங்க இல்லன்னா அவனுங்க ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கினு செத்துடுவானுங்கபா. பாதுகாப்பே நாமதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வரும். "நீயும் உன் தம்பியும் வரப்புக்காக மம்பட்டியத் தூக்கிக்கினு நின்னீங்களே, எந்த நாட்டுப் படை வந்து பிரிச்சி வுட்டுது? நாலு பொம்பளைங்கதான பிரிச்சோம்?"

"அது வேறடி."

"இன்னா வேற? அங்கயும் பொம்பளைங்க இருப்பாங்க."

அந்த அம்மாவுக்கு மகன் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். திரௌபதை அம்மன் கோயிலுக்குப் போய், நைஜரிலிருந்து படையைத் துரத்திவிடு தாயே என்று வேண்டிக்கொண்டார். இது தெரிந்தபோது வீட்டுக்காரர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

"ஏண்டி, கட்டின புருஷனுக்கு எதிரா ஒரு நாட்டையே கெளப்பி வுட்டுட்டியா?"

சில வாரங்களில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவர் கைபேசியில் அந்த நாட்டு ஆட்கள் கூட்டம் கூட்டமாக 'வெளியே போ' என்று கத்தினார்கள். அவருக்கு அது மனைவி கூட்டிய கூட்டமாகவே தெரிந்தது. கொத்தனார் என்னைக் கூப்பிட்டு, நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்ட் பால் பூசச் சொன்னார். பூசி முடித்ததும், "ஆட்சி போச்சிபா. கெளம்பு," என்றார். அதுவரை மாடிப்படிக்கு அடியில் சிமெண்ட் மூட்டைகளோடுதான் இரவில் படுத்துவந்தேன். வேலை எங்கேயாவது கிடைக்கும், ஒழுகாத இடம்தான் சுலபத்தில் கிடைக்காது.

ஏம்பலத்தை நெருங்கும்போது பின்னால் ஹாரன் அடித்தது. கொத்தனாரின் வண்டி.

"ஏறுடா. வேற நாடு கெடச்சிட்டுது."

"எந்த நாடு?"

"சாடுன்னு பக்கத்து நாடாம். அண்ணன் புள்ளைய அங்க மாத்திட்டாங்களாம். அதுவும் நெலவரம் சரியில்லாத ஊருதான். மாடி முடியற வரைக்கும் தாங்கும்."

வீட்டில் வீட்டுக்காரர் எல்லோருக்கும் மிக்சரும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்.

"அம்மன் மேல தப்பில்லபா. நான் நைஜர்னு பேர் சொல்லி வேண்டிக்கினேன். அவ அத மட்டும் கரெக்டா செஞ்சி குடுத்துட்டா. எல்லா நாட்டுக்கும் சேத்துக் கேட்டிருக்கணும்."

"சாடுக்கும் போயி வேண்டிக்காதடி. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்," என்றார் வீட்டுக்காரர்.

"மொதல்ல பலிச்சதுக்குக் காணிக்கை குடுக்கணும். கோயில் மதிலு பாதில நிக்குது. வாசல்ல கெடக்கிற கல்லு, எம்சாண்டு எல்லாம் அம்மனுக்குன்னு பூசாரிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

வீட்டுக்காரர் மிக்சர் தட்டைக் கீழே வைத்தார். நைஜரில் ஆட்சியைப் பிடித்தவர்களை மணிக்கணக்கில் திட்டியவர் அவர். இப்போது வாசலுக்குப் போய்க் கல்லை எண்ணிவிட்டு வந்தார். அம்மனுக்கென்று சொல்லிவிட்ட பொருளைத் திருப்பிக் கேட்க மடுகரையில் ஆள் கிடையாது.

"புள்ள போன் பண்ணா சொல்லு," என்றார் அந்த அம்மா அவரிடம். "மாடி இல்ல. கீழ ஒரு ரூமு காலியா கெடக்குது, வந்து படுத்துக்கோன்னு சொல்லு."

மறுநாள் காலை அதே வாசலில் வேலைக்கு நின்றேன். இப்போது கூலி கொடுப்பது வீட்டுக்காரர் இல்லை, கோயில். கல்லையும் எம்சாண்டு மணலையும் டிராக்டரில் ஏற்றி, கோயிலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். டிராக்டரை ஓட்டியது வீட்டுக்காரர். அவருடைய டிராக்டரை அவர் வெளியாள் கையில் கொடுப்பதில்லை.