முகம் சொல்பவர்கள்

என் மகளுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது இடது கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அரிசி மணியளவுதான் இருக்கும். சத்துக் குறைவு என்று நினைத்துக் கீரையும் முட்டையும் கொடுத்தோம். அடுத்த வருடம் அது கன்னத்தில் இறங்கிப் படர்ந்தது. கண்டியில் ஒரு தோல் வைத்தியரிடம் காட்டினோம். தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மாறும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பூசுவதற்கு ஒரு களிம்பு தந்தார்.

அந்த வருடம்தான் அவள் எழுதத் தொடங்கினாள்.

சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு புத்தகக் கடை இருந்தது. பெயர்தான் புத்தகக் கடை. விற்றதெல்லாம் கொப்பி, பேனா, மட்டை, கலர்ப் பெட்டி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மகள் கடைக்குள் ஏறி, "வாப்பா, ஒரு தடிச்ச சீ.ஆர். கொப்பி எடுக்கிறேன்" என்பாள். பாடத்துக்கு என்று நினைத்துக்கொள்வேன். மூன்றாவது கொப்பியை எடுத்த அன்று, என்ன பாடத்துக்கு இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"பாடத்துக்கு இல்ல வாப்பா. கதை எழுத."

"என்ன கதை?"

"வெம்பயர் கதை. ரத்தம் குடிக்கிறவங்களுக்கு ஒரு நாடு ஈக்கி. அவங்கட சட்டம், அவங்கட குடும்பம், எல்லாம்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒரு கிழமை கழித்து முதல் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "வாசிச்சுப் பாருங்க. ஆனா ஆருக்கும் காட்ட வாணாம்." சரி என்றேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஆள் குறைவு. அந்த நேரங்களில் நான்கு நாட்களாக அதை வாசித்தேன்.

அவளுடைய நாட்டில் இரத்தக் காட்டேரிகள் யாரையும் துரத்திக் கடிப்பதில்லை. அழைக்காத வீட்டுக்குள் அவர்களால் நுழைய முடியாது. வாசற்படியிலேயே கால் மரத்துப்போகும். அதனால் அவர்களுடைய மானம் மரியாதை எல்லாம் அழைப்பில்தான் இருந்தது. எத்தனை வீடுகள் அழைக்கின்றனவோ அவ்வளவு பெரிய குடும்பம். ஒரு வீடும் அழைக்காதவர்களுக்கு வாசல்காரர் என்று பெயர். அவர்கள் தெருவோரங்களில் நின்று நின்று மெலிந்து, கடைசியில் பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுவார்கள்.

மனிதர்கள் அவர்களை ஏன் அழைக்க வேண்டும்? அதற்கும் எழுதியிருந்தாள். ஒரு கரண்டி இரத்தம் கொடுத்தால், அதோடு கொடுத்தவரின் கவலையும் அவரைவிட்டுப் போய்விடும். போன கவலை அழிவதில்லை. குடித்தவரின் உடம்பில் சேர்ந்து கனக்கும். முந்நூறு வயதைத் தாண்டியவர்களால் எழுந்து நிற்க முடியாது. அவர்களை ஒரு நீண்ட மண்டபத்தில் படுக்க வைத்து, இளையவர்கள் முறைபோட்டுப் புரட்டிவிடுவார்கள். அவர்களுக்குச் சாவு கிடையாது.

கண்ணாடியில் அவர்களுக்கு முகம் தெரியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் முகம் சொல்பவர் என்று ஒரு மனிதர் இருப்பார். மாலையில் கண் விழித்ததும் அவர் எதிரே வந்து உட்கார்ந்து, இன்றைக்கு உன் முகம் இப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அழகுபடுத்திச் சொல்லக் கூடாது. கேலியாகவும் சொல்லக் கூடாது. கதையில் வரும் காட்டேரிச் சிறுமிக்கு முகம் சொல்பவள் ஒரு வயதான பெண். "இன்றைக்கு என் முகம் எப்படி?" என்று சிறுமி கேட்பாள். "நேற்று நிலா கன்னத்தோடு நின்றது. இன்று உதட்டுக்கு வந்துவிட்டது" என்பாள் கிழவி.

நல்ல வசனம் என்று அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். சிறுமியின் முகத்தில் நிலா வெளிச்சம் விழுகிறது என்றுதான் விளங்கிக்கொண்டேன்.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இன்னொரு தரம் வாசிக்கிறேன் என்று சொல்லி வீட்டு மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அப்போதுதான் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வத்தேகமவிலிருந்து என் தங்கையும் அவளுடைய கணவரும் பிள்ளைகளும் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடிந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"நானா, புள்ள என்னத்துக்கு எந்த நேரமும் ரூமுக்குள்ளயே ஈக்கி? முகத்த நெனச்சுக் கவலையா?"

எனக்குச் சுருக்கென்றது. "கவலை ஒண்டும் இல்ல. அவ எழுதுற. அவட வயசுல இப்பிடி எழுத ஆருக்கும் ஏலா" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய் லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்து வந்தேன்.

முதலில் கவனமாகக் கேட்டார்கள். அழைப்பில்லாத வாசல்காரர்களைப் பற்றி வாசித்தபோது, "பாவம்" என்றுகூடத் தங்கை சொன்னாள். எழும்ப முடியாத முதியவர்கள் வந்த இடத்தில் மச்சான் தன் வயிற்றைத் தட்டி, "அப்ப நானும் அந்த நாட்டு ஆள்தான், சாப்பிட்டா எழும்ப ஏலாம ஈக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. என் மகளின் எழுத்தை என் வீட்டில் எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று ஒரு சந்தோஷம். அடுத்த பக்கத்தை நாடகம் மாதிரி வாசிக்கத் தொடங்கினேன். கிழவிக்கு நடுங்கும் குரல், சிறுமிக்குக் கீச்சுக் குரல்.

"இன்றைக்கு என் முகம் எப்படி?" என்று கீச்சிட்டேன்.

"கண்ணாடி வாங்கிக் குடுக்க ஆள் இல்லாத பேயா?" என்றார் மச்சான். தங்கையின் பிள்ளைகள் புரண்டு சிரித்தார்கள். நான் கிழவியின் குரலை இன்னும் நடுக்கி, நிலா உதட்டுக்கு வந்துவிட்டது என்று வாசித்தேன்.

முதலில் மச்சானின் சிரிப்புத்தான் நின்றது. அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பினேன். மகள் வட்டிலப்ப இனிப்புத் தட்டோடு கதவருகே நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கன்னத்து வெள்ளை அவளுடைய மேலுதட்டைத் தொட்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவள் அழவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். "மாமா, இன்னும் கொஞ்சம் வட்டிலப்பம் வைக்கவா?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு என் கையிலிருந்த கொப்பியை இழுக்காமல், பறிக்காமல், மெதுவாக எடுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லோரும் போன பிறகு குசினியில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அந்த நிலா என்ன எண்டு ஒங்களுக்கு வெளங்கல்லயா?"

ஒரு பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ அலுமாரிக் கண்ணாடியக் கழட்டச் சொல்லி ரெண்டு மாசமாச்சு. நான்தான் கழட்டி வெச்சேன். காலைல எழும்பி என்ட முன்னுக்கு வந்து உக்காருவா. உம்மா, இண்டைக்கு எப்பிடி ஈக்கி எண்டு கேப்பா. நான் உள்ளதச் சொல்லுவேன்."

அவளுடைய அறையின் அலுமாரியில் வெறும் பலகையை நான் பார்த்திருந்தேன். கண்ணாடி உடைந்திருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"போய் அவட்ட பேசுங்க" என்றாள் மனைவி. நாளைக்குப் பேசுகிறேன் என்றேன். மறுநாள் கடை. அதற்கு மறுநாளும் கடை. காலையில் மகள் மேசையில் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், சிரிக்கவும் செய்வாள். அதனால் மறந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அவள் ஒரு கொப்பியில் கணக்குச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த மூன்றாவது சீ.ஆர். கொப்பிதான். முன்பக்கங்கள் கிழிக்கப்பட்டு, தையலோரம் மட்டும் பல் பல்லாக நின்றது.

"கதை எங்க மகள்?"

"குப்பையோட போட்டேன் வாப்பா. மத்த ரெண்டு கொப்பியையும்தான். இதுல எழுதாத பக்கம் கெடந்திச்சு, வீணாக்க வாணாமே."

தோல் வைத்தியரிடம் அடுத்த முறை போனபோது, முறைக்காக வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது. "மகள், அண்டைக்கு நான் செஞ்சது பெரிய பிழை. ஆருக்கும் காட்ட வாணாம் எண்டு நீங்க சொல்லியும் காட்டினேன்."

"பரவால்ல வாப்பா. அது சும்மா கதைதானே."

"திரும்ப எழுதுங்களேன். நான் புதுக் கொப்பி கொண்டு வாறேன். அந்தப் புள்ளக்கி என்ன நடந்திச்சு எண்டு எனக்குத் தெரியணும்."

அவள் சுவரில் ஒட்டியிருந்த மருந்து விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த நாட்டில இப்ப ஆரும் இல்ல" என்றாள். உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போனோம்.

பிறகு அவள் நன்றாகப் படித்தாள். பல்கலைக்கழகம் போனாள், மருந்தாளரானாள், மனதுக்குப் பிடித்தவரைக் கல்யாணம் முடித்தாள். இப்போது மெல்பர்னில் இருக்கிறாள். வெள்ளை இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் பரவிவிட்டது. அவள் அதை மறைப்பதில்லை. வீடியோவில் பேசும்போது நல்ல வெளிச்சத்தில்தான் உட்காருகிறாள். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவள் எதையும் எழுதுவதில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த குறை. மனைவிக்கும் தெரிந்திருக்கலாம். நாங்கள் அதைப் பேசுவதில்லை.

போன வருடம் கடையை மூடினேன். மிஞ்சிய சாமான்களில் ஒரு சீ.ஆர். கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த நாட்டைப் பற்றி நினைவில் இருந்ததையெல்லாம் எழுதத் தொடங்கினேன். பதினொரு பக்கத்தோடு நின்றுவிட்டது. பெரிய குடும்பங்களுக்கு அவள் வைத்த பெயர்கள் ஒன்றும் வரவில்லை. மண்டபத்தில் கிடந்தவர்கள் தங்களுக்குள் ஏதோ ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அது என்னவென்று வரவில்லை. எழுதியதிலும் எது அவளுடையது, எது இத்தனை வருடத்தில் நானாகச் சேர்த்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பதினொரு பக்கங்களையும் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பிழையிருந்தால் திருத்து மகள், அந்த விளையாட்டு என்னவென்று மட்டும் சொல் என்று கீழே எழுதினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் வந்தன.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "உம்மாட பிரஷர் குளிசை முடிஞ்சுபோச்சா வாப்பா? ஒராள் ஊருக்கு வாற, குடுத்து அனுப்பவா?"

இன்னும் இரண்டு கிழமைக்கு இருக்கிறது, அவசரமில்லை என்று எழுதி அனுப்பினேன்.